கடையை விட்டுப் போனால்தான் தியானம் கைகூடுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். வயது 44. சில வருடங்களாகத் தியானம் செய்கிறேன். இன்னும் ஆழமாகப் போக ஆசை. ஆனால் கடை, வராத பாக்கி, பிள்ளைகளின் படிப்பு, வாரம் இருமுறை அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று நாள் ஓடிவிடுகிறது. எல்லாவற்றையும் விட்டுத் திருவண்ணாமலைக்கே போய்விடலாமா?

பதில்: உங்கள் ஏக்கம் உண்மையானது. அதை அடக்கிவிடாதீர்கள். ஆனால் முடிவெடுக்கும் முன், மும்பையில் பீடிக்கடை நடத்திய ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர்தான் ஞானி நிசர்கதத்த மகராஜ். அவருக்கு மனைவி, பிள்ளைகள், பல கடைகள் எல்லாம் இருந்தன. 1933இல் குருவைச் சந்தித்தார். 'நான் இருக்கிறேன்' என்ற உணர்விலேயே நில் என்பதுதான் குரு சொன்ன பயிற்சி. கடையைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். குரு மறைந்தபின் 1937இல் வீட்டை விட்டு அலைந்தார். மறு வருடமே திரும்பி வந்துவிட்டார். ஒரே ஒரு சின்னக் கடைதான் மிஞ்சியிருந்தது. அது போதும் என்று அதே வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்தார். பின்னாளில் உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள்.

ரமணர் 16 வயதிலேயே வீட்டை விட்டு வந்தவராயிற்றே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் யாரிடமும் 'போகலாமா' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டு வந்த குடும்பஸ்தர்களிடம், எங்கே போனாலும் இதே மனம்தான் கூட வரும் என்றே விளக்கினார்.

சரி, உங்கள் நாளுக்கு வருவோம். டயாலிசிஸ் என்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மூச்சையோ மந்திரத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா கூப்பிட்டால் முழு மனதோடு எழுந்து போங்கள்; வந்து மறுபடி தொடருங்கள். கலைந்தும் திரும்பி வரும் இந்தப் பழக்கம், யாரும் தொந்தரவு செய்யாத பூஜையறையில் கிடைக்காது.

பாக்கி கேட்டு போன் போடும் நேரம்தான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாக்கியை விட வேண்டியதில்லை, கேளுங்கள். பேசி முடித்ததும் நெஞ்சில் எழும் கொதிப்பை ஒரு நிமிடம் கவனித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். தினமும் இப்படிச் செய்து வாருங்கள். காலையில் கண்ணை மூடி உட்காரும்போது அலைபாய்வது இந்தக் கொதிப்புதான்.

காலைத் தியானத்துக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அதே நேரத்தில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டு உங்கள் மனைவி ஒற்றையாளாக ஓடுகிறார் என்றால், நேரத்தை மாற்றுங்கள். உங்கள் அமைதிக்கு அவர் விலை கொடுக்கக் கூடாது. அவரிடமே கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

திருவண்ணாமலைக்கும் போய் வாருங்கள். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மௌனமாக நடந்து, இரண்டு இரவு தங்குங்கள். அம்மாவின் அடுத்த டயாலிசிஸுக்கு முன் ஈரோடு திரும்பிவிடுங்கள்.