12 பக்க ஸ்கிரிப்ட், 5 நிமிஷ த்ரில்லர், ரெண்டு நாள் ஷூட்டிங்

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு 5 நிமிஷ த்ரில்லர் எடுக்கணும். ஸ்கிரிப்ட் 12 பக்கம் வந்துருச்சு, சேஸிங், துப்பாக்கி, ட்விஸ்ட் எல்லாம் இருக்கு. ஷூட்டிங் ரெண்டே நாள். சினிமா கேமரா வாடகைக்கு எடுத்தாதான் அந்த லுக் வரும்னு ஒருத்தர் சொல்றார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதல்ல அந்த 12 பக்கத்தைப் பாருங்க. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு உண்டு, த்ரில்லர்ல அது இன்னும் இழுக்கும், ஏன்னா "மெதுவா கதவுகிட்ட போறா"ன்னு ஒரு வரி எழுதிருப்பீங்க, திரையில அதுவே அரை நிமிஷம் ஓடும். 4 பக்கத்துக்குக் கொண்டுவாங்க. சேஸிங்கைத் தூக்குங்க, துப்பாக்கியையும் தூக்குங்க. பொம்மைத் துப்பாக்கியா இருந்தாலும் தெருவுல பாக்கிறவங்களுக்கு அது பொம்மைன்னு தெரியாது. 2021ல நிபுணர்கள் இருந்த ஒரு சினிமா செட்லயே ஹலைனா ஹட்சின்ஸ்ங்கிற ஒளிப்பதிவாளர் குண்டு பட்டு செத்துப்போனாங்க.

ட்விஸ்ட்டை யோசிக்கிற நேரத்துல ஒரு காத்திருப்பை யோசிங்க. பொண்ணு ஹெட்போன் மாட்டிக்கிட்டு படிச்சிட்டிருக்கா, பின்னாடி கதவோட கைப்பிடி மெதுவா இறங்குது, நிக்குது, திரும்ப மேல போகுது, அவ பாட்டுக்கு பக்கத்தைத் திருப்புறா. நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மூணே ஷாட், மொபைலே போதும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் மட்டும் லாக் பண்ணிடுங்க, இல்லேன்னா லைட் அணையுற நேரம் பாத்து போன் தானா வெளிச்சத்தைக் கூட்டி உங்க இருட்டைக் கெடுத்துடும்.

கேமராவுக்கு வச்சிருந்த காசுல ஒரு நல்ல மைக் எடுங்க. கைப்பிடி சத்தத்தை மைக்கைக் கிட்ட வச்சு தனியா பதிவு பண்ணுங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைச்சிட்டு, யாரும் அசையாம, அந்த ரூமோட அமைதியையும் ஒரு நிமிஷம் எடுத்துக்கோங்க, எடிட்டிங்ல இதுதான் ஷாட்டையும் ஷாட்டையும் ஒட்டும். ஃப்ரிட்ஜை அணைச்சா வண்டிச் சாவியை அதுக்குள்ள வச்சிடுங்க, அப்பதான் கிளம்பும்போது மறக்காம திரும்பப் போடுவீங்க.

இனி முக்கியமான விஷயம், மியூசிக். "காப்பிரைட் ஃப்ரீ பேக்"னு விக்கிறவங்களை லைசென்ஸ் எழுத்துல தராம நம்பவே நம்பாதீங்க. 30 செகண்டுக்குள்ள போட்டா பரவாயில்லைங்கிறதும் கட்டுக்கதை. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1750லயே இறந்துட்டார், அவர் எழுதின இசை இன்னைக்கு யாருக்கும் சொந்தமில்ல, சரிதான். ஆனா ஒரு ஆர்க்கெஸ்ட்ரா அதை வாசிச்சுப் பதிவு பண்ணா அந்தப் பதிவுக்குத் தனி உரிமை, அதை டவுன்லோட் பண்ணிப் போடக்கூடாது. உங்க ஃப்ரெண்ட் கீபோர்டுல வாசிச்சா தாராளமா போடலாம். அதுலயும், பழைய மூல நோட்ஸைப் பாத்து வாசிச்சாதான் சரி, யாரோ சமீபத்துல புதுசா அரேஞ்ச் பண்ணதுன்னா அந்த அரேஞ்ச்மென்ட்டுக்கு வேற உரிமை வந்து நிக்கும். கேக்கவே தலை சுத்துதா? அப்ப மியூசிக்கே வேண்டாம், கைப்பிடி சத்தமே போதும்.

இன்னொரு கூட்டம், விருது ஏஜென்ட்டுங்க. "50 ஃபெஸ்டிவலுக்கு அனுப்புறோம்"னு பேக்கேஜ் போடுவாங்க, மாசாமாசம் ஆன்லைன்ல விருது வரும், படத்தை ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. நிஜமான திரையிடல் உண்டா, போன வருஷம் எந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தாங்க, நடுவர்கள் யாரு, இந்த மூணுக்கும் பதில் இல்லேன்னா காசு கட்டாதீங்க. இவங்ககிட்ட பசங்க போய் விழறதுக்கு காலேஜும் ஒரு காரணம். ப்ளானிங் ஃபைல், மூட்போர்டு (படத்தோட லுக்கைக் காட்டுற படத்தொகுப்பு)னு வாரக்கணக்கா பேப்பர் கேக்கிறாங்க, சர்டிஃபிகேட்டைப் பாத்து மார்க் போடுறாங்க, ஷூட்டிங்குக்கு ரெண்டு நாள் தர்றாங்க. எத்தனை தடவை சொன்னாலும் மாற மாட்டேங்கிறாங்க.

நீங்க இன்னைக்கே அந்த 4 பக்கத்தை நடிச்சுக்கிட்டே படிச்சு ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. நாலரை நிமிஷம் தாண்டினா இன்னொரு சீனையும் தூக்கிடுங்க, டைட்டிலுக்கும் இடம் வேணும்ல.