களிமண்ணில் இறங்கும் வீடு: கேள்வி பதில்

கேள்வி: ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஏறுகிறது. வீடு இறங்குகிறதா சார்?

பதில்: சந்தேகப்பட வேண்டிய விரிசல்தான். சாய்வு விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் பெரும்பாலும் கட்டடத்தின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலம் என்றால் நடுப்பகுதி இறங்கியிருக்கலாம், இல்லை ஓரங்கள் எழும்பியிருக்கலாம். வெளிப்பக்கமும் பாருங்கள். உள்ளே மட்டும் தெரிந்தால் பூச்சு விரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் நேராக ஓடும் மயிரிழை விரிசலுக்கும் அஸ்திவாரத்துக்கும் பொதுவாகச் சம்பந்தமில்லை.

கேள்வி: கோடையில் திறந்து மழையில் மூடிக்கொள்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

பதில்: இப்போது வேண்டாம். களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். விரிசல் பருவத்தோடு ஆடுவது அதற்கு நல்ல சாட்சி. திறந்திருக்கும்போது கெட்டியாக அடைத்தால், மழையில் மூட இடமில்லாமல் சுவர் வேறிடத்தில் பிளக்கும். விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு திருகு பதித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியர் காலிப்பரால் அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு வருடமாவது வேண்டும். குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுவதும் உண்டு. அது உடைந்தால் சுவர் அசைந்தது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. பருவம் எதுவானாலும் அகலம் கூடிக்கொண்டே போனால், குழாய்க் கசிவு, சரியாகக் கெட்டிக்காத நிரப்பு மண் என்று வேறு பக்கம் தேட வேண்டும். விரிசல் 5 மி.மீ. தாண்டிவிட்டால் வருடக்கணக்கெல்லாம் கிடையாது, உடனே பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: மண் பரிசோதனையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: முதலில் விரிசலுக்கு அருகே அஸ்திவாரத்தின் அடி தெரியும்வரை ஒரு குழி. ஆழம் எவ்வளவு, அடியில் கான்கிரீட் இருக்கிறதா, வேர் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே விளங்கிவிடும். அப்புறம் ஆகர் (மண்ணைத் திருகித் துளைக்கும் கருவி) வைத்துத் துளை போட்டு வெவ்வேறு ஆழங்களில் ஈரப்பதம் எடுக்கச் சொல்லுங்கள். பாதிப்பில்லாத பக்கத்திலும் ஒரு துளை கட்டாயம். ஒப்பிட ஆளில்லாத எண்ணால் பயனில்லை. உப்பும் தன்மைக்கு எளிய சோதனை உண்டு: 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எத்தனை சதவீதம் கூடுதலாக இடம் பிடிக்கிறது என்பதே கணக்கு. 50 சதவீதத்துக்கு மேல் போனால் கவனம்.

கேள்வி: பக்கத்து மரத்தை வெட்டிவிட்டால் தீருமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வேர் உறிஞ்சி வறண்ட களிமண், மரம் போனதும் ஈரம் பிடித்து ஆண்டுக்கணக்கில் உப்பி வீட்டைத் தூக்கலாம். வீட்டைவிட மரத்துக்கு வயது அதிகமென்றால் இந்த ஆபத்தும் அதிகம். அளவு பார்த்துக் கிளை கழிப்பதே பல இடங்களில் போதும்.

கேள்வி: அஸ்திவாரத்தை ஆழப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர்.

பதில்: அளவீடு எதுவும் காட்டாமல் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழிவுநீர்க் குழாயைச் சோதித்துக் கசிவை அடைத்து, கூரைத் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளிவிட்டதும் அசைவு நின்ற வீடுகள் நிறைய. செய்தே தீர வேண்டுமென்றால், சுமார் 1 மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும். மொத்தமாகத் தோண்டுகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.