குறைவாக வாங்க நினைத்தேன், இப்போது எதையுமே வாங்க முடியவில்லை

ஆலோசகருக்கு வணக்கம். எனக்கு வயது 36. கணவர், ஏழு வயது மகள், மாமியாரோடு திருச்சியில் இருக்கிறேன். இரண்டு வருடமாக, தேவையான பொருள்களை மட்டும் வைத்துக்கொள்ளும் மினிமலிச வாழ்க்கையைக் கடைப்பிடிக்கிறேன். வீட்டில் இடம் கிடைத்தது, கிரெடிட் கார்டு பாக்கியும் அடைந்தது. ஆனால் இப்போது எதை வாங்கவும் பயமாக இருக்கிறது. குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி கசிகிறது. ‘இது தேவையா’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். தோசைக்கல் வாங்க ராத்திரி ஒரு மணி வரை போனில் ரிவ்யூ படிக்கிறேன். துவரம்பருப்பைக் கால் கிலோவாக வாங்குவதால் அடிக்கடி தீர்ந்துவிடுகிறது. போன வாரம் மாமியாரின் பித்தளை அண்டாவைக் கேட்காமல் எடைக்குப் போட்டுவிட்டேன். அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் அடைந்தது பெரிய விஷயம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாப் பொருளிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் உங்களை முடக்குகிறது. ‘இது தேவையா’ என்பது வீட்டுக்குப் புதிதாக வரும் பொருளுக்கான கேள்வி. குக்கர் வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டீர்கள், தேயும் பாகங்களும் அந்த முடிவிலேயே அடக்கம். கேஸ்கட் தளர்ந்தால் அழுத்தம் சேராது, பருப்பு வேகாது, கேஸ்தான் வீணாகும். குக்கரின் கம்பெனி, மாடல், லிட்டர் அளவைக் குறித்துக்கொண்டு நாளைக்கே வாங்குங்கள். பல்பு, மகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளி ஷூ எல்லாம் இந்த வகைதான்.

தீர்ந்துபோகிற மளிகை, சேர்த்து வைக்கும் பொருள் ஆகாது. தினம் 70 கிராம் துவரம்பருப்பு போட்டால் மாதத்துக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். அதை மொத்தமாக வாங்கி, டப்பாவில் அரைக் கிலோ மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பருப்பு கோட்டுக்கு இறங்கியதும் பட்டியலில் எழுதிவிடுங்கள், ஒரு வாரம் கையில் இருக்கும். ரவையும் மைதாவும் சீக்கிரம் வண்டு பிடிக்கும், அவை மட்டும் அரைக் கிலோ போதும்.

தோசைக்கல்லுக்கு வருவோம். குறைவாக வைத்திருப்பவர்களுக்கே இந்தச் சிக்கல் அதிகம் வரும். இருக்கப்போவது ஒன்றே ஒன்று என்பதால், அதில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று மனம் நெருக்கும். பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே இதற்கு ஒரு வழியை விளக்கியிருக்கிறார்: தகுதியை முன்னாலேயே வகுத்துக்கொண்டு, அதை எட்டும் முதல் பொருளோடு தேடலை நிறுத்துவது. ‘வார்ப்பிரும்பு, 12 அங்குலம், கைப்பிடி உள்ளது’ என்று எழுதி, பக்கத்தில் உங்களால் முடிந்த விலையையும் எழுதுங்கள். கடையில் சமதளத்தில் வைத்து ஆடுகிறதா, மேற்பரப்பில் குழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சரியாக இருந்தால் எடுத்துவிடுங்கள். வாங்கிய பிறகும் ரிவ்யூ படிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். புதுக் கல்லில் முதல் சில தோசைகள் ஒட்டத்தான் செய்யும். எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும், தேர்வு தப்பு என்று அர்த்தமில்லை.

பொருளைப் பட்டியலில் எழுதி, முப்பது நாள் காத்திருந்து பிறகு முடிவு செய்யும் விதியை ஆசைப்படும் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் தினமும் திறந்து பார்த்தால் ஆசை வளரும். மாதத்தின் முதல் தேதியில் மட்டும் பாருங்கள்.

அண்டா விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அது அவருடைய பிறந்த வீட்டுச் சீராக இருந்திருக்கலாம். இன்றே எடைக்கடைக்குப் போய், உருக்கப் போகாமல் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காரணம் சொல்லாமல் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். புது அண்டா வாங்கித் தந்து ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். இனி உங்கள் பொருள்களை மட்டும் குறையுங்கள். அவற்றையும் பெட்டியில் போட்டு, தேதி எழுதி, மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள். பொங்கல் பானை, கொலு பொம்மை போன்றவற்றுக்கு ஒரு முழு வருடம் வேண்டும்.

இப்படி ஆறு வாரம் செய்தும் தூக்கம் கெட்டால், கொடுத்ததையே திரும்ப வாங்கினால், சின்ன முடிவுக்கும் பதற்றம் வந்தால், உளவியல் நிபுணரை நேரில் பாருங்கள். அது பதற்றக் கோளாறாகவோ ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாகவோ (ஓசிடி) இருக்கலாம், இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.