மனசு வேண்டாம் என்றாலும் கை ஏன் செய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 72. மத்திய அரசுப் பணியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு மொழி தெரியும், பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். போன மாதம், ‘உங்கள் ஆதார் எண்ணில் வந்த பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கிறது’ என்று ஒரு போன். அதன்பின் இரண்டு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, வாட்ஸாப் வீடியோ காலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் இருந்த அத்தையிடம்கூட வாய் திறக்கவில்லை. 19 லட்சம் போய்விட்டது. ‘இவ்வளவு படித்தவருக்குப் புத்தி எங்கே போயிற்று?’ என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாமா யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புத்தி மங்கிவிட்டதா?
– வாசகி, ஜீவன் பீமா நகர், பெங்களூரு

பதில்: இல்லை. உங்கள் கணவர் அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்திவிட வேண்டும். அது அவமானத்தைத்தான் கூட்டும், ஒன்றையும் விளக்காது.

முதலில் பணம். 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் இன்னும் புகார் பதியவில்லை என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே பதியுங்கள். பணம் போன கணக்கு எண், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தந்த குறிப்பு எண், நேரம், வந்த அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருக்கட்டும். மாமா வெட்கப்பட்டு அந்த உரையாடலை அழித்துவிடப் போகிறார், கவனம். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான், பணம் கணக்குக்குக் கணக்கு தாவுவதற்குள் முடக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த நேரம் போய்விட்டது என்பதற்காகப் புகாரைக் கைவிட வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. 1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். வந்தவர்களிடம் அது நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று சொல்லப்பட்டது. பக்கத்து அறையில் இருப்பவர் தவறான விடை சொன்னால் மின் அதிர்ச்சி தர வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாகக் கூட்டி 450 வரை 30 விசைகள். மின்சாரம் உண்மையில் பாயவில்லை, பக்கத்து அறையில் இருந்தவர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர். அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தயங்கும்போதெல்லாம் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர், ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்பார். 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். 300-ஐ எட்டும் முன் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. வந்திருந்தவர்கள் தபால் ஊழியர், பள்ளி ஆசிரியர், இன்ஜினியர், தொழிலாளி என்று ஊரில் நாம் அன்றாடம் பார்க்கும் மனிதர்கள்.

அவர்கள் நிம்மதியாக அழுத்தவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நாக்குத் தடுமாறியது. சந்தேகம் நிறைய இருந்தது, நிறுத்தத்தான் வழி தெரியவில்லை. உங்கள் மாமாவுக்கும் சந்தேகம் வந்திருக்கும். அது எப்போது வந்தது என்று பரிவோடு கேட்டுப் பாருங்கள், இடத்தைக் குறிப்பாகச் சொல்வார்.

மில்கிராம் பிறகு சூழ்நிலையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். கட்டளை இடுபவர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் பேசியபோது, கடைசி வரை போனவர்கள் சுமார் 20 சதவீதமாகக் குறைந்தார்கள். சிலர் குறைந்த வோல்ட்டையே அழுத்திவிட்டு, கூட்டிவிட்டதாகப் போனில் பொய் சொன்னார்கள். கூட உட்கார வைத்த இரண்டு பேர் ‘மாட்டோம்’ என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் எதிரும் புதிருமாகச் சொன்னபோது கடைசி வரை போனவர் யாருமே இல்லை.

இப்போது அந்த இரண்டு நாளையும் இதோடு வைத்துப் பாருங்கள். வெறும் போனில் அதிகாரம் வலுவிழக்கும். அதனால்தான் அழைப்பு வீடியோவுக்கு மாறுகிறது, யூனிஃபார்ம் தெரிகிறது, பின்னால் சின்னம் தெரிகிறது, ‘கேமராவை அணைத்தால் கைது’ என்கிறார்கள். இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் மறுப்பு பிறக்கும். அதனால், ‘இது தேசிய ரகசியம், வீட்டில் சொன்னால் அவர்களும் குற்றவாளி’ என்கிறார்கள். மாமா அத்தையிடம் சொல்லாமல் இருந்தது அத்தையைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்கிறோம். விசைகள் 15 வோல்ட்டில் தொடங்கியதுபோல, இங்கே முதலில் கேட்டது ஆதாரின் கடைசி நான்கு எண்ணாக இருக்கலாம். அடுத்து பெயர், பிறகு வங்கியின் பெயர், பிறகு இருப்பு எவ்வளவு என்ற கேள்வி, பிறகு ‘சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறோம்’ என்று முதல் தொகை. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதில் நிறுத்தினால், இதற்கு முன் செய்ததெல்லாம் தவறு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அரசுப் பணியில் முப்பது நாற்பது வருடம் மேலிடத்து உத்தரவுக்கு ஒழுங்காகப் பதில் எழுதிப் பழகியவருக்கு, பாதியில் போனை வைப்பது உத்தரவை மீறுவதாகத்தான் தோன்றும். அவரைப் பிடித்தது முட்டாள்தனம் அல்ல, கடமையுணர்ச்சி.

வீட்டில் செய்ய வேண்டியவை: இப்படி வீடியோ காலிலேயே கைது செய்துவைக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்குக் கீழே பேச வேண்டிய ஒரே வாக்கியம்: ‘ஸ்டேஷன் பெயரைச் சொல்லுங்கள், நானே மகனோடு நேரில் வருகிறேன்.’ சொன்னதும் வைத்துவிட வேண்டும், பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. இதை வாயால் இரண்டு மூன்று முறை சொல்லிப் பழக்குங்கள், ஒட்டிவிட்டு மறந்தால் பயன் இல்லை. பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்: சரிபார்க்கிறேன் என்று, அழைத்தவன் கொடுத்த எண்ணுக்கே திரும்பக் கூப்பிடுவார்கள். வேறொரு போனிலிருந்து 112-ஐ அழையுங்கள். நெட் பேங்கிங்கில் ஒரு நாள் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். பெரிய வைப்புத்தொகைகளை இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறைக்கு மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். இது அவர்மேல் நம்பிக்கை இல்லாததால் செய்வது என்று தோன்றாதபடி, உங்கள் கணவரும் தன் கணக்கில் இதையே செய்யட்டும்.

மாமா சாப்பிடாமல் ஒதுங்கியிருப்பதை விட்டுவைக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிர் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

கேள்வி: தருமபுரியிலிருந்து வந்து பெங்களூருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இரவு டியூட்டியில் சீனியர் டாக்டர்கள் போனிலேயே மருந்து சொல்கிறார்கள். அளவு அதிகமாகத் தோன்றினாலும் வாய் வருவதில்லை. எப்படி மறுப்பது?
– வாசகி, அல்சூர்

பதில்: 1966-ல் சார்லஸ் ஹோஃப்லிங் குழுவினர் அமெரிக்க மருத்துவமனைகளில் நீங்கள் சொல்லும் இதே நிலைமையைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ போனில் ஒரு மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். புட்டியிலேயே ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்சம் என்று அச்சிட்டிருக்கும். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் புறப்பட்டார்கள், ஆய்வுக் குழுவினர் அவர்களை வழியில் தடுத்து உண்மையைச் சொன்னார்கள். ஆனால் 1977-ல், பழக்கமான மருந்தோடும், சக நர்ஸ்களிடம் கலந்து பேச வாய்ப்போடும் இதேபோல் நடத்தியபோது, 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய அறிவும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் வாய் வரும்.

போன் உத்தரவை அப்படியே எழுதி, எழுதியதைத் திருப்பிப் படியுங்கள். எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள்: ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்’. போனில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலவே கேட்கும். இன்சுலினுக்கு ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்து யூ மட்டும் போட்டால் அது சுழியாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். இன்சுலின், ஹெபாரின், செறிவூட்டிய பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றுக்கு இரண்டாவது நர்ஸ் தனியாகக் கணக்குப் போட வேண்டும். நீங்கள் போட்ட கணக்கைக் காட்டி ‘சரிதானே’ என்று கேட்டால், அவர் கையெழுத்துதான் போடுவார், சரிபார்க்க மாட்டார்.

மறுப்பைக் கேள்வியாக வைக்காதீர்கள். 1977-ல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மோதுவதற்குச் சற்று முன், ஒரு விமானத்தின் பொறியாளர் எதிர் விமானம் ஓடுபாதையிலிருந்து விலகவில்லையா என்று கேள்வியாகத்தான் கேட்டார். கேப்டன் விலகிவிட்டதாக உறுதியாகச் சொன்னதும் அதோடு நின்றுவிட்டது. இப்போது விமானக் குழுக்களுக்கு, கவலையை வெளிப்படையாகவும் படிப்படியாக அழுத்தமாகவும் சொல்லப் பயிற்சி தருகிறார்கள். நீங்கள் இப்படிச் சொல்லலாம்: ‘டாக்டர், இந்த அளவு எனக்குக் கவலையாக இருக்கிறது. லேபிளில் உச்சம் 10, நீங்கள் சொல்வது 20.’ பதில் திருப்தி இல்லையென்றால், இன்னும் ஒருமுறை: ‘நோயாளிக்கு ஆபத்து என்று நினைக்கிறேன். டியூட்டி டாக்டர் நேரில் பார்த்து எழுதும்வரை கொடுக்கமாட்டேன்.’ அதற்கும் மேலே வற்புறுத்தினால் நர்சிங் சூப்பர்வைசரை எழுப்புங்கள், நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். சொல்வதற்கு முன் ஒரு சக நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் குரல் நடுங்காது.

கேள்வி: பி.ஏ. உளவியல் படிக்கிறேன். மில்கிராம் ஆய்வே பொய் என்று சில பேர் சொல்கிறார்களே?
– மாணவர், மல்லேஸ்வரம்

பதில்: பொய் என்பது அதிகம், குறை உண்டு என்பது சரி. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜினா பெர்ரி பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ‘தயவுசெய்து தொடருங்கள்’ போல முன்பே வகுத்த நான்கு தூண்டுதல்களோடு நிற்காமல் ஆய்வாளர் பலமுறை வற்புறுத்தினார் என்றும், பங்கேற்றவர்களில் பலர் அதிர்ச்சி உண்மையா என்று சந்தேகித்தார்கள் என்றும் காட்டினார். மன அழுத்தம் கொடுத்த விதம் இன்றைய நெறிமுறைக்கு ஏற்காது. 2009-ல் ஜெரி பர்கர் என்ற உளவியலாளர், பக்கத்து அறையில் இருப்பவர் முதலில் மறுக்கும் 150 வோல்ட்டோடு நிறுத்தி இதே ஆய்வைச் செய்தபோதும் 70 சதவீதம் பேர் அதைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். மில்கிராமிடம் அது 82.5 சதவீதம். 2017-ல் போலந்தில் வெளியான இதேபோன்ற ஆய்வில் பத்துப் பொத்தான்கள்தான், 80 பேரில் 72 பேர் பத்தாவது வரை போனார்கள்.

ஆட்டம் காண்பது தரவைவிட விளக்கம்தான். நான் வெறும் கருவி, பொறுப்பு மேலே இருப்பவருக்கு என்ற மனநிலைக்குள் மனிதர் போய்விடுகிறார் என்றார் மில்கிராம். ஹாஸ்லம், ரைஷர் என்ற உளவியலாளர்கள் இதை ஏற்கவில்லை. ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’ என்ற நான்காவது தூண்டுதல்தான் அப்பட்டமான கட்டளை. பர்கரின் ஆய்வில் அதைக் கேட்டபின் தொடர்ந்தவர் ஒருவரும் இல்லை. மனிதர் கட்டளைக்குப் பணிவதைவிட, விஞ்ஞானம் என்ற நல்ல காரியத்துக்குத் துணைபோகிறோம் என்று நம்பித் தொடர்கிறார் என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த வாதம்தான் வலுவாகப் படுகிறது. முதல் கடிதத்து மாமனாரும் விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம் என்றுதான் நம்பியிருப்பார். இரண்டு விளக்கத்தையும் தேர்வில் எழுதுங்கள், எண்களை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ‘பெரியவர் சொன்னால் கேள்’ என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்க்கிறோம். நாலாவது படிக்கிறாள். யார் சொன்னாலும் கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, வைட்ஃபீல்டு

பதில்: மரியாதையைக் குறைக்க வேண்டாம், ஒரு விலக்கு மட்டும் சேருங்கள். ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்று சொல்கிற பெரியவர் யாராக இருந்தாலும், வாத்தியாரோ மாமாவோ, அவர் சொன்னதைக் கேட்கவும் வேண்டாம், அன்றைக்கே உங்களிடம் சொல்லவும் வேண்டும். பள்ளியிலிருந்து அழைத்துப் போக வேறு யாராவது வந்தால் சொல்ல வேண்டிய ஒரு வீட்டு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள், வார்த்தை தெரியாதவரோடு போகக் கூடாது. யாருக்காவது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அன்றே மாற்றுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் பார்க்காமல் சொல்லப் பழக்குங்கள். வீட்டில் சின்ன விஷயத்தில் அவள் ‘வேண்டாம்ப்பா’ என்றால் சில தடவையாவது அது நடக்கட்டும். தட்டில் இன்னொரு இட்லி வேண்டாம் என்றால் வைக்காதீர்கள்.