நான்கு எதற்கு, ஒன்று போதாதா?

கேள்வி: அணு ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கிகள் பிரிட்டனிடம் நான்கு இருக்கின்றன. ஆனால் எந்நேரமும் ரோந்தில் இருப்பது ஒன்றுதானாமே! மற்ற மூன்றையும் கைகழுவிவிட்டால் கஜானாவாவது மிஞ்சுமே?

பதில்: வாசலில் ஒரு சமயத்தில் ஒரு காவலாளிதானே நிற்கிறார், ஒருவரை வைத்துக்கொண்டால் போதாதா என்கிறீர்கள். அவர் எப்போது தூங்குவார்?

1969 ஏப்ரலிலிருந்து ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் ஏதாவது ஒரு கப்பல் கடலுக்கடியில் இருக்கிறது என்பதுதான் பிரிட்டனின் பெருமை. ஒன்று ரோந்தில் இருந்தால், ஒன்று அதை மாற்றிவிடத் தயாராக வேண்டும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். இன்னொன்று, எதிர்பாராத கோளாறுகளுக்கு. அந்தக் கோளாறு எவ்வளவு நீளும் என்பதற்கு நான்கில் ஒன்றான 'வான்கார்டு' கப்பலே சாட்சி. 2015 கடைசியில் பழுதுபார்க்கப் போனது, மறுபடி கடலைப் பார்த்தது 2023-ல்! அந்தச் சுமை மற்றவற்றின் தலையில் விழுந்து, ஒரே ரோந்து ஆறு மாதத்தைத் தாண்டியது. உள்ளேயே அணு உலை இருப்பதால் எரிபொருள் கவலை கிடையாது. குடிநீரையும் பிராணவாயுவையும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். தீர்ந்துபோவது சாப்பாடும், உள்ளே இருக்கும் மனிதர்களின் பொறுமையும்தான்.

1998-க்குப் பிறகு பிரிட்டனுக்குத் தரையிலோ விமானத்திலோ அணு ஆயுதம் கிடையாது. எல்லாம் இந்த நான்கில்தான். நான்கும் ஃபாஸ்லேன் தளத்தில் கட்டிக்கிடந்தால் ஒரே அடியில் கதை முடிந்துவிடும். எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒன்று மிஞ்சியிருந்தால்தான் எதிரி யோசிப்பான். ஒளிவதில் இவை எவ்வளவு கெட்டி என்றால், 2009 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் இதே வான்கார்டும் பிரான்சின் 'ல த்ரியோம்ஃபான்' நீர்மூழ்கியும் முட்டிக்கொண்டன. இரண்டும் நட்பு நாடுகளுடையவை! (பிரான்சும் நான்குதான் வைத்திருக்கிறது.)

உங்களுக்கு முன்பே பிரிட்டிஷ் அரசு இதைக் கேட்டுப் பார்த்துவிட்டது. எண்ணிக்கையைக் குறைக்கலாமா என்று 2013-ல் ஓர் ஆய்வே நடந்தது. 'எந்நேரமும்' என்ற சொல்லை விட்டுக்கொடுத்தால் குறைக்கலாம். ஆனால் அப்புறம் ஒரு நெருக்கடியில் கப்பலைத் துறைமுகத்திலிருந்து கிளப்புவதே போர் மிரட்டலாகத் தெரியும். 2016-ல் நாடாளுமன்றம் 472-க்கு 117 என்று வாக்களித்து, புதிதாக நான்கே கட்டச் சொல்லிவிட்டது. அணு ஆயுதமே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது நேர்மையான வாதம். முக்கால்வாசியை விட்டுவிட்டு முழுப் பாதுகாப்பு கேட்பதுதான் கணக்கில் உதைக்கிறது.

கஜானா விஷயம்: இவற்றுக்கு முந்தைய தலைமுறைக் கப்பல்களும் நான்குதான். 1996-க்குள் ஓய்வு பெற்றுவிட்டன. கதிரியக்கம் படிந்த உலைப் பகுதியைப் பிரித்து முடிக்க வழியில்லாமல், இன்னும் ஸ்காட்லாந்தின் ரோசைத் கப்பல் துறையில் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு.