வருடக்கணக்கில் நின்ற பிக்கப்: எங்கே தொடங்குவது?

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப் பிக்கப் பத்து வருடமாக வாசலில் நிற்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய ஆசை. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தயவுசெய்து வேண்டாம். பிஸ்டன் ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டார் இழுத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் போட்டுக் கையால் இன்ஜினை மெதுவாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் மறுபடியும் ஆயில்தான், பலம் காட்டக் கூடாது. சுற்றியதும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளையை) அடைத்திருக்கும். டேங்கைக் கழற்றி, லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து உள்ளே ஊற்றி ஓர் இரவு வையுங்கள். சோடா உப்புத் தண்ணீரில் அலசி உடனே உலர்த்துங்கள். தாமதித்தால் அன்றைக்கே மறுபடி துரு பிடிக்கும். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் செய்யாதீர்கள், காலி டேங்கிலும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

பிரேக்கில் சிக்கனம் கூடவே கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுப்பதால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளே அரித்துக் குழி விழுந்திருக்கும். ரப்பர் கப் மட்டும் மாற்றினால் அந்தக் குழிகள் வழியே மறுபடி கசியும். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் சிலிண்டரையே முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ஹோஸ்களும் புதிது. பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது, பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்.

தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெட்டி புதுத் தகடு வெல்டிங். துருமேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) போட்டால் அடியில் அரிப்பு தொடரும். சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் மட்டும் கிரைண்டர் படவே கூடாது, ஆர்டிஓவில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.