டோஸ்டர் வாங்கலாம், கார்டில் வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் 46,000 வரும். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம், அத்தை எங்களோடு இருக்கிறார். வாரம் மூன்று நாள் காலையில் பிரெட்தான். ஒரு டோஸ்டர் வாங்கலாம் என்றால் கணவர், வாங்குவதுதான் வாங்குகிறோம், 6,000 ரூபாய்க்கு ஓ.டி.ஜி. ஓவனாகவே (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த பெட்டி) வாங்கிவிடலாம், கிரெடிட் கார்டில் ஆறு மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கிறது, மாதம் ஆயிரம்தானே என்கிறார். அத்தையோ தோசைக்கல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார். கார்டில் ஏற்கெனவே 18,000 பாக்கி ஓடுகிறது, மினிமம் கட்டி வருகிறோம். வங்கியில் 40,000 டெபாசிட் இருக்கிறது, அவசரத்துக்கு என்று தொடுவதில்லை. எதை வாங்குவது?

பதில்: ஒரே நேரத்தில் இரண்டு துண்டு போடுகிற சாதாரண பாப்-அப் டோஸ்டர், 1,500 ரூபாய் அளவில், கையில் இருக்கும் காசுக்கு. ஓவன் இப்போது வேண்டாம். கார்டு எதற்குமே வேண்டாம், அந்தப் பாக்கிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அத்தை சொன்னது. அவர் சொல்வதில் தப்பே இல்லை, கல்லில் நெய் தடவி வாட்டிய பிரெட்டின் ருசி எந்த டோஸ்டரிலும் வராது. ஆனால் ஒருவர் அடுப்படியிலேயே நின்று திருப்பித் திருப்பிப் போடவேண்டும், அந்த நேரத்தில்தான் டிபன் பாக்ஸ் கட்டவேண்டும், குக்கர் வைக்கவேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை. வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு 150 காலைகள், நாலு வருடம் உழைத்தால் 600, காலைக்கு இரண்டரை ரூபாய். தாராளமாக வாங்கலாம். இதே வாரம் ஒரு நாள் என்று எழுதியிருந்தால் நான் அத்தை பக்கம் சேர்ந்திருப்பேன்.

கரண்ட் பில்லை நினைத்துப் பயப்பட வேண்டாம். 800 வாட் டோஸ்டரில் ஒரு ஈடு மூன்று நிமிடம், ஐந்து பேருக்குப் பத்துத் துண்டு என்றால் கால் மணி நேரம், மாதத்துக்கு இரண்டு மூன்று யூனிட்தான் வரும். உண்மையான செலவு பிரெட். ஒரு பாக்கெட் 45, 50 ரூபாய், மாதம் எட்டு ஒன்பது பாக்கெட், வெண்ணெய், ஜாம் எல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் டோஸ்டர் விலையைத் தாண்டிவிடும். புதுசு வந்த ஜோரில் மூன்று நாள் ஐந்து நாளாக ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அது வீட்டில் ஆட்டிய மாவு இட்லியின் இடத்தைப் பிடித்தால் நஷ்டம், அவசரத்தில் ஹோட்டலில் பார்சல் வாங்குகிற நாளின் இடத்தைப் பிடித்தால் லாபம்.

எதை எடுப்பது? ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை கிடைக்கிறது, உள்ளே எல்லாம் ஒன்றுதான்: மைக்கா தகட்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி, ஒரு டைமர், லீவரைப் பிடித்து வைக்க ஒரு மின்காந்தம். விலை கூடக்கூட டீஃப்ராஸ்ட், ரீஹீட் என்று பட்டன்கள் கூடும், உங்களுக்குத் தேவைப்படாது. பிள்ளைகள் கை வைப்பார்கள் என்பதால் வெளிப்பக்கம் அதிகம் சுடாத மாடலுக்கு இருநூறு முந்நூறு கூடக் கொடுக்கலாம், அது வீண்செலவு இல்லை. அடியில் இழுத்தெடுக்கிற தூள் தட்டு கட்டாயம், இல்லாவிட்டால் எறும்பும் கருகல் வாடையும்தான். உங்கள் தெரு பேக்கரியில் தடிமனாக வெட்டித் தருவார்கள் என்றால் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், நுழைகிறதா என்று பாத்திரக்கடையிலேயே போட்டுப் பாருங்கள், யார் என்ன நினைத்தால் என்ன. கரண்ட் இல்லாமல் லீவரை அழுத்தினால் நிற்காது, அது ரிப்பேர் இல்லை, அதனால் பிளக்கில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எர்த் உள்ள மூன்று பின் பிளக், ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஊரிலேயே சர்வீஸ் சென்டர், இந்த மூன்றும் இருந்தால் பஜாஜா பிரெஸ்டீஜா பிலிப்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பில் போடும்போது 300 ரூபாய்க்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பார்கள், பொருள் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும், வெண்ணெய் தடவிய பிரெட்டை உள்ளே விடக்கூடாது, கம்பியில் ஒழுகிப் புகையும், தீயும் பிடிக்கலாம். தடவுவதெல்லாம் வெளியே வந்தபிறகு.

ஓ.டி.ஜி. நல்ல சாமான்தான், கேக் செய்கிறவர்களுக்கு. வெறும் டோஸ்டுக்கு 1,200, 1,500 வாட்டில் ஒரு முழுப் பெட்டியையும் சூடாக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், காலை ஏழரை மணிக்கு அந்தப் பொறுமை உங்கள் வீட்டில் யாருக்கு இருக்கிறது? இரண்டு மாத மீட்டர் 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடு என்றால் இன்னும் யோசிக்கவேண்டும், 500-ஐத் தாண்டினால் கடைசி யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் மாறும்.

அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் காஸ்ட் இருக்கிறது. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிக் கழிப்பார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். வட்டி 16 சதவீதம் என்றால் ஆறு மாதத்தில் ஜி.எஸ்.டி. 50 ரூபாய், பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. மொத்தம் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. தொகை சின்னதுதான், உங்கள் வீட்டுக்காரரிடம் இதை வைத்துச் சண்டை போடாதீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மாதத் தவணை ஆயிரமும் அப்படியே மினிமம் தொகையில் ஏறும், இப்போதே மினிமத்தோடு தள்ளாடுகிற கார்டில்.

சரி, அந்த 18,000. மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 630, அதற்கு ஜி.எஸ்.டி. 113, ஆக 740 ரூபாய்க்கு மேல். மினிமம் என்பது வழக்கமாகப் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 900. நீங்கள் 900 கட்டினால் கடன் குறைவது 160 ரூபாய்கூட இல்லை. இரண்டு மாத வட்டிக்கு ஒரு டோஸ்டர் வந்துவிடும். போதாததற்கு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்க்கிற எதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, மளிகை வாங்கினாலும் அன்றிலிருந்தே வட்டிதான்.

டெபாசிட்டில் உங்களுக்கு வருவது வருடம் ஆறேழு சதவீதம், கார்டுக்குப் போவது 42. அவசரத்துக்கு என்றீர்களே, இதுதான் அவசரம். இந்த வாரமே டெபாசிட்டிலிருந்து எடுத்துக் கார்டின் மொத்தப் பாக்கியையும் அடைத்துவிடுங்கள், முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் அரையோ ஒன்றோ சதவீதம் பிடிப்பார்கள், போகட்டும். மீதி 22,000 அவசரத்துக்கு அப்படியே இருக்கட்டும். ஓவன் தவணைக்கு என்று நினைத்திருந்த ஆயிரத்தை மாதாமாதம் ஆர்.டி.யில் (வங்கியின் தொடர் சேமிப்பில்) போடுங்கள், ஒன்றரை வருடத்தில் எடுத்தது திரும்பிவிடும். முழுசாகக் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மெண்டில் கொஞ்சம் வட்டி வரும், கட்டிய நாள்வரைக்கான கணக்கு அது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காமல் அதையும் மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.